65,536வது வரிசைக்குக் கீழே: இங்கிலாந்தின் கொரோனா டேஷ்போர்டில் விடுபட்ட 15,841 பேர்

பெரிய கோப்பு என்றதும், டேஷ்போர்டு (எண்களைப் படமும் கோடுமாகக் காட்டும் திரை) செய்து பிழைக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான் வரும். ரெஃப்ரெஷ், அதாவது புதுத் தரவை ஏற்றுவது, நாற்பது நிமிடம் ஓடுகிறது, மெமரி போதவில்லை, கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு அந்தக் கோப்புகள் மேல் அவ்வளவாகப் பயம் கிடையாது. திறக்காத கோப்பு தன் குறையைத் தானே சொல்லிவிடும். நன்றாகத் திறந்து, அழகாகக் கோடும் வரைந்து, உள்ளே இருக்க வேண்டிய ஆட்களில் பாதியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு வரும் கோப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்படி ஒன்று 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் நடந்தது. உலகமே அதைப் பார்த்து "எக்ஸெல்லிலா நோயாளி கணக்கு வைத்தார்கள்?" என்று சிரித்தது. சிரித்த பலருடைய டேஷ்போர்டும் இன்றைக்கும் அதே ஓட்டையோடுதான் ஓடுகிறது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நடந்தது என்ன

அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்தை அப்போது கவனித்துவந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகங்களில் உறுதியான கொரோனா முடிவுகளை டேஷ்போர்டுகளுக்கு ஏற்றும் வழியில் எங்கோ ஆட்கள் விடுபட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான எட்டு நாட்களில் 15,841 பேர் நாட்டின் தினசரிக் கணக்கில் ஏறவே இல்லை.

அந்த 15,841 பேருக்கும் தங்களுக்குத் தொற்று இருப்பது தெரியும். சோதனை முடிவு அவரவருக்கு ஒழுங்காகப் போய்விட்டது. போகாதது, அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்க வேண்டிய டெஸ்ட் அண்ட் டிரேஸ் பிரிவுக்கு. அந்தப் பிரிவும் அரசின் டேஷ்போர்டும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவை. அதனால் டேஷ்போர்டில் ஏறாத ஆளின் நண்பர்களுக்கும் சக ஊழியர்களுக்கும் தொலைபேசி அழைப்பு போகவில்லை. அவர்கள் பாட்டுக்கு வேலைக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

விடுபட்ட பெயர்கள் எல்லாம் சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குள் தேடும் பிரிவின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. டேஷ்போர்டில் அவை சனி, ஞாயிறு இரண்டு நாளாக ஏறின. வெள்ளிக்கிழமை 6,968 என்று காட்டிய எண் சனிக்கிழமை 12,872 ஆனது, ஞாயிறன்று 22,961 ஆனது. கோடு செங்குத்தாக எழுந்து நின்றதைப் பார்த்த பொதுமக்களுக்கு நோய் வெடித்துவிட்டதா, கணக்கு வெடித்துவிட்டதா என்று புரியவில்லை.

குழாயின் நடுவில் ஓர் எக்ஸெல் கோப்பு

அதிகாரபூர்வ அறிக்கை அடக்கி வாசித்தது. சில கோப்புகள், மைய அமைப்புக்குள் அனுப்பக்கூடிய உச்ச அளவைத் தாண்டிவிட்டன என்பதோடு நிறுத்திக்கொண்டது. நெடுவரிசைகள் தீர்ந்துவிட்டன என்று முதலில் ஒரு பேச்சும் அடிபட்டது. உண்மையான விவரத்தை பிபிசி வெளியிட்டது, அது இன்னும் சாதாரணமான சங்கதி.

தனியார் ஆய்வகங்கள் முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பதிவு, நடுவில் காற்புள்ளி, அவ்வளவுதான். அதற்கு உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. அந்தக் கோப்புகளைத் தானியங்கியாக எக்ஸெல் வார்ப்புருக்களில் (முன்பே கட்டம் போட்டுவைத்த கோப்புகளில்) இழுத்துப் போட்டு, அங்கிருந்து மைய அமைப்புக்கு ஏற்றினார்கள். அந்த வார்ப்புருக்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன.

எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைகள்தான் உண்டு. அது யாரோ யோசித்து வைத்த எண் இல்லை. வரிசை எண்ணைக் குறிக்க 16 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 16 கட்டங்கள்தான் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டை 16 முறை பெருக்கினால் 65,536 வரும். எக்ஸெல் 97 வந்தபோது அது தாராளமான இடம். அதற்கு முந்தைய பதிப்பில் 16,384 வரிசைகள்தான் இருந்தன. 2007இல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற புதிய வடிவம் வந்து எல்லை 10,48,576 ஆனது. ஆக, இந்தச் சம்பவம் நடந்தபோது பழைய வடிவத்துக்கு மாற்று வந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

65,536 கூடப் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் அந்த வார்ப்புரு இல்லை. ஒரு சோதனை முடிவே பல வரிசைகளாக விரிந்தது. அதனால் ஒரு வார்ப்புருவில் சுமார் 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ 47 வரிசை. 1,401வது ஆளிலிருந்து கீழே இருந்தவர்கள் தாளின் விளிம்பைத் தாண்டி விழுந்தார்கள். விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

நாம் கையால் ஒரு பெரிய சிஎஸ்வியை எக்ஸெல்லில் திறந்தால், கோப்பு முழுதாக ஏறவில்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். நாமும் 'சரி' என்று ஓர் அழுத்து அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். இயந்திரம் இயந்திரத்துக்குக் கோப்பு மாற்றிக்கொடுக்கும் இடத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை.

நான்கு நாள் தட்டையாக ஓடிய கோடு

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உலுக்கியது இந்தப் பகுதிதான். ஐக்கிய இராச்சியம் முழுவதற்குமாக அந்த நாட்களில் வெளியான எண்களையும், பிறகு தெரியவந்த விடுபட்ட எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 29: காட்டியது 7,143, விடுபட்டது 1,415
செப்டம்பர் 30: காட்டியது 7,108, விடுபட்டது 3,049
அக்டோபர் 1: காட்டியது 6,914, விடுபட்டது 4,133
அக்டோபர் 2: காட்டியது 6,968, விடுபட்டது 4,786

முதல் எண்ணை மட்டும் படித்தால், "ஏழாயிரத்தில் நிற்கிறது, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்கிறது" என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன். இரண்டையும் கூட்டினால் 8,558, 10,157, 11,047, 11,754. நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசி நாளில் உண்மையான எண்ணிக்கையில் நூற்றுக்கு நாற்பது பேர் டேஷ்போர்டில் இல்லை.

குடம் நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் குடத்துக்குள் இருக்கும் தண்ணீர் அதே அளவுதான். இங்கே குடத்துக்குள் இருந்ததைத் தினமும் அளந்து, தண்ணீர் வரத்து நிலையாக இருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அளவு வரம்பில் வெட்டுப்படும் தரவுக்கு இதுதான் கைரேகை. கோடு கீழே விழுவதில்லை, ஒரு மட்டத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. விழுந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். தட்டையான கோடு நல்ல செய்தி மாதிரி இருக்கும், நல்ல செய்தியை யார் குடைந்து பார்ப்பது?

இன்னொரு விஷயம். விடுபட்டவர்கள் கணக்கு செப்டம்பர் 25இல் 957, 26இல் 744, 27இல் 757, அப்புறம் 28இல் பூஜ்யம். அன்றைக்கு வந்த கோப்புகள் வரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் கசிந்து ஒரு நாள் கசியாமல் இருக்கும் குழாயைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிளம்பரைக் கேட்டால் சொல்வார். அந்தத் திங்கட்கிழமை யாராவது ஆற அமர உட்கார்ந்து ஆய்வக எண்ணையும் டேஷ்போர்டு எண்ணையும் ஒப்பிட்டிருந்தால், எல்லாம் பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

விளைவு

அக்டோபர் 5 அன்று சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவந்தது. விடுபட்டவர்களில் 51 சதவீதம் பேரை அதுவரை தொடர்புகொண்டுவிட்டதாகச் சொன்னார். அதாவது பாதிப் பேரைத் திங்கட்கிழமை வரைகூடப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் சொல்லும் பெயர்களைத் தேடிப் போவது அதற்கும் பிறகுதான்.

வடமேற்கு இங்கிலாந்தில் எண்கள் ஒரே இரவில் வேறு முகம் காட்டின. மான்செஸ்டரில் அக்டோபர் 1 உடன் முடிந்த வாரத்தில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 496 தொற்று, அதற்கு முந்தைய வாரம் 223. லிவர்பூலில் 287 இருந்தது 456 ஆனது.

பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் இருவர், வாரிக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்சரும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் தாமஸ் கிரேபரும், இந்த விபத்தையே ஓர் இயற்கைச் சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பகுதியில் அதிகம் பேர் விடுபட்டார்கள், எந்தப் பகுதியில் குறைவு என்பது கிட்டத்தட்ட தற்செயலாக அமைந்தது. பெயர்கள் தாமதமாகப் போன பகுதிகளில் அடுத்த வாரங்களில் தொற்று எவ்வளவு கூடியது என்று பார்த்தார்கள். அடக்கமான மதிப்பீட்டின்படியே 1,25,000க்கு மேற்பட்ட கூடுதல் தொற்றுகளும் 1,500க்கு மேற்பட்ட கூடுதல் மரணங்களும் இந்தத் தாமதத்தோடு தொடர்புடையவை என்று எழுதினார்கள். இது மதிப்பீடுதான், தலையை எண்ணிய கணக்கு இல்லை. அதில் பாதியை நம்பினாலும் ஒரு கோப்பு வடிவத்துக்குக் கொடுத்த விலை வயிற்றைப் பிசைகிறது.

யார் மேல் தப்பு?

எக்ஸெல் மேல் பழியைப் போடுவது சுலபம். நான் அந்தக் கட்சி இல்லை. எக்ஸெல் தன் வரம்பை ஒளித்து வைக்கவில்லை, 1997இலிருந்து ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பதற்காகச் செய்த பொருளை, மனிதர் யாருமே பார்க்காத இடத்தில் இரண்டு அமைப்புகளுக்கு நடுவே குழாயாகச் செருகியதுதான் முதல் பிசகு. சிஎஸ்வி நேராகத் தரவுத்தளத்துக்குள் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது வளர்ச்சி. 2020 ஏப்ரலில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் சோதனை என்பதே அந்த அரசாங்கத்துக்குப் பெரிய இலக்கு. செப்டம்பர் இறுதியில் தினமும் இரண்டு லட்சத்துக்கு மேல் சோதனை நடந்தது. தொற்றும் ஏறிக்கொண்டிருந்தது. கோடைக்காலத்தில் சில நூறு பேருக்குத் தைத்த சட்டையை அக்டோபரில் போட்டால் தையல் பிரியாமல் என்ன செய்யும்? அந்தப் பழைய அமைப்பை மாற்றுவதென்று முன்பே முடிவெடுத்திருந்ததாக அமைச்சர் சொன்னார். இருக்கலாம். புது வீடு கட்டி முடியும்வரை பழைய வீட்டில்தான் குடியிருக்க வேண்டும், கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கைமாறும் இடத்தில் யாரும் எண்ணவில்லை. கிடங்கில் லாரி வந்து நின்றால், சுமை இறக்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டோடு நின்று மூட்டைக்கு ஒரு கோடு போடுவார். ரசீதில் 300 என்று இருந்து அவர் நோட்டில் 296 கோடு இருந்தால் லாரி கிளம்பாது. அந்த ஆளுக்கு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவே வேண்டியதில்லை. ஆய்வகம் அனுப்பியது எத்தனை, மைய அமைப்பில் ஏறியது எத்தனை என்று இரண்டு எண்களை ஒப்பிட அதைவிடப் பெரிய அறிவு தேவைப்பட்டிருக்காது.

உடனடியாக அவர்கள் செய்த சரிசெய்தல், பெரிய கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பியது. கட்டுத்துணி வைத்தியம்தான். ஆனால் அந்த இரவுக்கு அதுவே சரியான வைத்தியம் என்று நினைக்கிறேன். ரத்தம் வழியும்போது அறுவைச் சிகிச்சை அரங்கு கட்ட ஆரம்பிக்க முடியாது.

நம் மேசைக்கு வந்தால்

எக்ஸ்எல்எஸ் போய்விட்டது, இனி பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரம்பு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தாள் பத்து லட்சத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் டேஷ்போர்டு கருவியான பவர் பிஐயில் ஒரு படத்திலிருந்து தரவை ஏற்றுமதி செய்தால் எக்ஸெல் கோப்புக்கு 1,50,000 வரிசையும் சிஎஸ்விக்கு 30,000 வரிசையும்தான் வரும். அப்படி எடுத்த 30,000 வரிசையை இன்னொருவர் தன் டேஷ்போர்டுக்கு மூலத் தரவாகக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எண்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. எக்ஸெல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாகத் திறந்து சேமித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

கோப்பு நிஜமாகவே பெரிதாகும்போது, தாளில் ஏற்றாமல், எக்ஸெல்லிலும் பவர் பிஐயிலும் இருக்கும் தரவு ஏற்றும் கருவியான பவர் குவெரி வழியாக நேரே டேட்டா மாடல் என்ற உள் சேமிப்புக்குள் ஏற்றுவது நல்லது. அங்கே தாளின் வரிசை வரம்பு பொருந்தாது, கோடிக்கணக்கில் தாங்கும். அது தரவை வரிசை வரிசையாக வைக்காமல் நெடுவரிசை நெடுவரிசையாகச் சுருட்டி வைக்கும். ஒரு நெடுவரிசையில் வெவ்வேறான மதிப்புகள் எத்தனை குறைவோ அத்தனை நன்றாகச் சுருங்கும்.

இதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பில் போட்ட நேரம் என்று ஒரே நெடுவரிசையில் தேதியும் மணி, நிமிடம், நொடியும் சேர்ந்து இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு அதில் வரக்கூடிய வெவ்வேறு மதிப்புகள் 3,15,36,000. அதையே தேதி ஒன்று, நேரம் ஒன்று என இரண்டாகப் பிரித்தால் தேதியில் 365, நேரத்தில் 86,400. அவ்வளவுதான். நொடி யாருக்கும் வேண்டாம் என்றால் நிமிடத்தோடு வெட்டி 1,440க்குக் கொண்டுவரலாம். பவர் பிஐ புரோ உரிமத்தில் ஒரு மாடல் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்று முட்டி நிற்கும்போது, புதிய உரிமம் வாங்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்து பாருங்கள். பில் எண் மாதிரி ஒவ்வொரு வரிசையிலும் மாறும் நெடுவரிசை எந்தப் படத்திலும் வரவில்லை என்றால் அதையும் தூக்கிவிடலாம்.

பழைய மாதங்களைத் தினமும் திரும்ப ஏற்றுவதும் வீண். கடைசி சில நாட்களை மட்டும் புதுப்பித்து மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளும் வசதி இப்போது பல கருவிகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்பதில் மட்டும் ஒரு சின்னச் சூட்சுமம். சிஎஸ்வியில் வரிகளை எண்ணினால் பதிவுகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. முகவரி தட்டும்போது யாராவது நடுவில் என்டர் அழுத்தியிருப்பார், ஒரே பதிவு மூன்று வரியாக உடைந்து கிடக்கும். அதனால் அனுப்புகிறவரிடமே எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவது மேல். வங்கிகளுக்குப் போகும் கோப்புகளில், மொத்தம் எத்தனை பதிவு, மொத்தம் எவ்வளவு தொகை என்று ஒரு தனி வரி இருப்பது இதற்காகத்தான். எண்ணிக்கையும் தொகையும் இரண்டுமே பொருந்தினால் உள்ளே விடலாம், இல்லாவிட்டால் ரெஃப்ரெஷை நிறுத்திவிடலாம். நேற்றைய எண்ணைக் காட்டி "இன்றைய கோப்பு ஏறவில்லை" என்று எழுதிவைக்கும் டேஷ்போர்டு, இன்றைய அரைகுறை எண்ணைக் காட்டும் டேஷ்போர்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு விற்பனை டேஷ்போர்டு செய்து கொடுத்திருந்தேன். அவர்களுடைய பழைய கணக்கு மென்பொருள் எக்ஸ்எல்எஸ்ஸாகத்தான் துப்பும். பிப்ரவரிவரை குறையில்லை. மார்ச்சில் விற்பனை லேசாக இறங்கியது. ஏன் இறங்கியது என்று வட்டாரம், பொருள், வாடிக்கையாளர் என மூன்று ஸ்லைடு போட்டு விளக்கமும் தயார் செய்துகொண்டு போனேன். ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான கணக்குப்பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, மார்ச் மாசம் நமக்கு எப்பவும் ஏறும். இறங்கினதா சரித்திரமே இல்ல" என்றார்.

மூலக் கோப்பைத் திறந்து கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். கர்சர் 65,536இல் போய் நின்றது. கடைசி பில்லின் தேதி மார்ச் 26.

மூன்று ஸ்லைடையும் அழித்தேன். அதன் பிறகு டேஷ்போர்டின் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வைத்தேன்: அனுப்பிய வரிசை இத்தனை, ஏற்றிய வரிசை இத்தனை. கடை முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "இந்த நம்பரை எடுத்துட்டு அங்க நம்ம லோகோவைப் போட்டா எடுப்பா இருக்குமே தம்பி" என்றார். லோகோவை இடது பக்கம் போட்டுக் கொடுத்தேன்.